ஹாலில் வரைந்த வீடு

என் கணவர் மொட்டை மாடியில் விழுந்து கிடந்தபோது நான் கீழே பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரே வீடுதான். அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை.

தண்ணீர்த் தொட்டி கழுவுவது எப்போதும் அவர் வேலை. மழைக்காலம் முடிந்து தரையெல்லாம் பாசி பிடித்திருந்தது. கால் வழுக்கி, கணுக்கால் மடங்கி உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. செல்போனைக் கீழே படுக்கையறையில் வைத்துவிட்டு ஏறியிருந்தார். டீக்கடைக்குப் போயிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். குழம்பு கொதித்து இறங்கி, சோறும் வடித்தாயிற்று. சாப்பிட வரச் சொல்லலாம் என்று போன் போட்டால் பக்கத்து அறையில் மணி அடிக்கிறது. வாசலில் செருப்பு கிடக்கிறது.  முட்டி வலியோடு அத்தனை படிகளை எப்படி ஏறினேன் என்று இன்றும் தெரியவில்லை.

தொட்டியில் சாய்ந்து, உதடு வறண்டு உட்கார்ந்திருந்தார்.

“எவ்ளோ நேரமா கத்திக்கினு கீறேன் தெரியுமா? தெரு நாய்கூட பதிலுக்குக் குரைச்சிச்சு. உனக்குக் கேக்கலயா?”

“கேக்கலீங்க” என்றேன்.

எதிர்வீட்டுக்காரர்கள் வந்து நாற்காலியில் உட்கார வைத்து அவரைக் கீழே இறக்கினார்கள். எலும்பில் விரிசல் என்று மாவுக்கட்டு போட்டார்கள். கால் குணமாகிவிட்டது. ஆனால் அன்று போன் பக்கத்து அறையில் அடித்த சத்தம் என்னைவிட்டுப் போகவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற மனையில் நாங்கள் கட்டிய வீடு அது. கீழே ஒரு பெரிய ஹால், அதை ஒட்டிச் சாப்பாட்டு அறை, இரண்டு படுக்கையறை. மேலே மூன்று அறை. அவர் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் ஷிப்ட் வேலை பார்த்தவர். நான் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்து, கடைசியில் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். நான் வேலை முடிந்து வரும்போது அவர் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். அவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கும்போது நான் கம்பெனி பஸ்ஸில் இருப்பேன். பிள்ளைகள் இருவரையும் இப்படியே கைமாற்றிக் கைமாற்றி வளர்த்தோம். கீழ்த்தளத்தை முதலில் கட்டினோம். மகன் கல்யாணத்துக்கு முன்னால் மாடி எழுப்பினோம். லீவு நாளெல்லாம் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பார் அவர். இப்போது மகன் குடும்பத்தோடு பூனாவில் இருக்கிறான். மகள் திருவொற்றியூரில் நர்ஸ்.

மாவுக்கட்டோடு அவரால் எங்கும் நடக்க முடியாததால் கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டோம். சமைப்பது, சாப்பிடுவது, டிவி பார்ப்பது, தூங்குவது எல்லாம் அந்தப் பக்கமாகவே நடந்தன. மேலே நான் ஏறியது பெருக்கித் துடைக்க மட்டும்தான். கம்பெனிப் புகையின் கரித்தூள் தினமும் வந்து படியும். யாரும் மிதிக்காத தரையை ஒருநாள் துடைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நான் யாருக்காக இதைத் துடைக்கிறேன் என்று யோசித்தேன். அன்று மதியமே அவரிடம் பேச்சை எடுத்தேன்.

“இந்த ஊட்ட வித்துட்டு சின்னதா ஒண்ணு பாக்கலாங்க.”

சோற்றைப் பிசைந்த கை நின்றது. “இன்னா?”

“ரெண்டு ரூம் போதும் நமக்கு. நான் கூப்ட்டா உங்களுக்குக் கேக்கணும். நீங்க கூப்ட்டா எனக்குக் கேக்கணும்.”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எங்க நைனா அடுத்தவன் கழனில நாத்து நட்டு, அவன் களத்துலயே படுத்துத் தூங்கனவரு. அவரு புள்ள மாடி ஊடு கட்டிக்கிறான்னு ஊரே வந்து பாத்துச்சு. இப்ப என்னை எறங்கச் சொல்றியா?”

“எறங்கத்தான் சொல்றேன். படிக்கட்டுல இருந்து.”

அதற்குப் பிறகு சில நாட்கள் அவர் என்னோடு பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவர் சொன்னதில் இருந்த நியாயம் எனக்குத் தெரியும். அவர் அப்பா ஒழுகுகிற கூரைக்கடியில் இறந்ததை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பேசிப் பேசி ஒருவரை மசிய வைப்பதில் எனக்கு என்றுமே நம்பிக்கை இல்லை. செக்கிங் பிரிவில் ஒரு பீஸ் சரியா தப்பா என்று சண்டை வந்தால் வாயால் தீராது. அளவு பார்க்கிற கேஜுக்குள் போட்டுக் காட்டினால் போதும், அத்தோடு முடிந்துவிடும். இதையும் அப்படித்தான் செய்வது என்று முடிவு செய்தேன்.

வீடு பார்க்கத் தனியாகவே போனேன். பொன்னேரியில் ஒன்று பார்த்தேன். சோழவரத்தில் ஏரி தெரிகிற ஒன்றைப் புரோக்கர் ஆசையாகக் காட்டினார். மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. ஏரியைக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். கடைசியாக மீஞ்சூரில், ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் ஒரு தரைவீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை, முன்னால் ஒரு குழாயும் கொஞ்சம் மண்தரையும். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாசலில் நின்ற புரோக்கரை மெதுவாக என்னைக் கூப்பிடச் சொன்னேன்.

“இன்னா மேடம்?”

“சத்தமா வேணாம். ஒடம்பு முடியாதவன் கூப்புட்ற மாதிரி கூப்புடுங்க.”

அவர் பயந்துபோய், “மேடம்... மேடம்...” என்று முனகினார். தெளிவாகக் கேட்டது. உடனே கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து வீடு முழுவதையும் அளந்து, புரோக்கர் கொடுத்த நோட்டீஸின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எங்கள் ஹாலில் இருந்த சோபாவையும் டீப்பாயையும் ஓரங்கட்டினேன். சாக்பீஸை எடுத்துக்கொண்டு முட்டி போட முடியாமல் ஒரு முக்காலியில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து அந்த மீஞ்சூர் வீட்டைத் தரையில் அப்படியே வரைந்தேன். எங்கள் ஹாலும் சாப்பாட்டு அறையும் சேர்ந்ததில் கிட்டத்தட்ட முழு வீடும் அடங்கிவிட்டது. குளியலறை மட்டும் போர்டிகோவில் போய் விழுந்தது. அவர் கட்டிலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாள்தான் பேசாமல் இருப்பார்?

“இன்னாமே இது, பாண்டி ஆடப் போறியா?”

“இதான் நான் பாத்த ஊடு. ஒரு வாரம் இந்தக் கோட்டுக்குள்ள இருந்து பாக்கலாம். வெளிய இருக்கிற எது வேணும்னாலும் எடுத்துக்கினு வாங்க. ஆனா அது உள்ள இருக்க எடம் இருக்கணும். முடியலன்னா சொல்லுங்க, நானே ஈரத்துணி போட்டுத் தொடைச்சுடறேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்.”

அவர் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் நான் தோற்றுவிடுவேன் என்ற நம்பிக்கைதான். அப்போது மாவுக்கட்டைப் பிரித்துவிட்டிருந்தார்கள், கோலூன்றி நடந்துகொண்டிருந்தார். நான் கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் கோட்டுச் சமையலறைக்குள் நகர்த்தினேன். கட்டில் கோட்டுப் படுக்கையறைக்குள் போயிற்று.

முதல் நாள் முழுவதும் கேலிதான். கோட்டைத் தாண்டி நடந்துவிட்டு, “செவுத்துல இடிச்சிக்கினேன்” என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மறுநாள் தன் ரேடியோவைக் கொண்டுவந்தார். பிறகு டூல்ஸ் பெட்டி, டிரில்லிங் மெஷின், சாய்வு நாற்காலி, வேலை பார்த்த காலத்து ஹெல்மெட். எதை எங்கே வைப்பது என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரே கட்டிலடியில் நுழைத்துப் பார்த்தார், திருப்பி வைத்தார், மறுபடி எடுத்தார். எல்லாம் இடம் பிடித்துவிட்டன. மகன் கல்யாணத்துக்கு வாங்கிய எட்டுப்பேர் சாப்பாட்டு மேஜை மட்டும் எப்படிப் போட்டாலும் நுழையவில்லை. அதில் நாங்கள் என்றுமே சாப்பிட்டதில்லை, மேலே துணி மடித்து வைப்போம். அவர் அதை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஆனால் என்னை அவர் சரியாகப் பிடித்தார்.

“அது இருக்கட்டும், உன் குண்டானுங்கோ எங்க போவும்?”

எனக்குச் சுருக்கென்றது. ஐம்பது பேருக்குப் பிரியாணி செய்கிற அளவில் என்னிடம் குண்டான்களும் அண்டாக்களும் இருந்தன. கிறிஸ்துமஸ், கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் எங்கள் தெருவில் என் பாத்திரம்தான். “அக்கா, அந்தப் பெரிய குண்டான்” என்று கேட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். அப்படி வந்து நிற்பது எனக்குப் பிடிக்கும். இரண்டு நாள் அவற்றை என்ன செய்வது என்று யோசித்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் சமையற்கட்டுக்கு எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். ஒரேயொரு சின்னக் குண்டானை வைத்துக்கொண்டேன். ஆட்டோ தெருமுனையில் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. ஆனால் அன்று ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி ஏதோ கேட்க வந்தவள், செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னாக்கா, ஊட்டுக்குள்ள ஊடு வரைஞ்சி வெச்சிக்கிற? ஒடம்பு நல்லாத்தான கீது?”

விஷயத்தைச் சொன்னேன். தெருவில் ஏற்கெனவே பேச்சு ஆரம்பித்திருந்தது போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பையனுக்குக் கடன் ஆயிடுச்சி, அதான் விக்கிறாங்கன்னு சொல்லிக்கினாங்க” என்றாள்.

“கடனும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெருக்க முடியல, விக்கப் பாக்கறேன். கேக்கறவங்ககிட்ட அப்டியே சொல்லு” என்றேன்.

அந்த வாரத்தில் நாங்கள் சண்டையும் போட்டோம். என் தங்கையோடு போன் பேசும்போது அவர் நடுவில் கருத்துச் சொன்னார். அவர் நியூஸ் கேட்கும்போது நான் மிக்சி போட்டேன். ஒருநாள் கோபத்தில் எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல், “நான் பாத்ரூமுக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போர்டிகோவில் போய் உட்கார்ந்துகொண்டார். தெருவே பார்க்க அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவரும் சிரித்துவிட்டார்.

எனக்கு அந்த வாரம் ஒன்று புரிந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியிருக்கிறோம், ஆனால் முழு நாள் ஒன்றை எதிரெதிரே உட்கார்ந்து கழித்ததே கிடையாது. முதலில் ஷிப்ட் எங்களைப் பிரித்து வைத்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலையை வீடு எடுத்துக்கொண்டது. அவர் மேலே, நான் கீழே. முகச்சவரம் செய்யும்போது அவர் கண்ணாடியோடு பேசுவார் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாய்லர் நெருப்பைப் பார்த்து மிரண்டு, வேலையை விட்டுவிடலாம் என்று வீட்டுக்கு ரயிலேறியதையும், பாதி வழியில் இறங்கி மறுபடி போனதையும் சொன்னார். எத்தனையோ வருஷத்துக் கதை. “ஏன் இவ்ளோ நாளா சொல்லல?” என்று கேட்டேன். “நீ எங்க இருந்த?” என்றார்.

வாரம் முடிந்த அன்று காலையில் அவர் கேட்டார்:

“அந்த ஊட்டுல ஜன்னல் எந்தப் பக்கம்?”

அதுதான் சம்மதம். நான் சாக்பீஸால் ஜன்னல்களைக் குறித்துக் காட்டினேன்.

மகள் ஒரே வார்த்தையில் சரி என்றாள், ரயிலேறினால் நேராக வந்துவிடலாம் என்று அவளுக்குச் சந்தோஷம். மகன்தான் கொதித்தான். போனிலேயே சத்தம் போட்டுவிட்டு, அந்த வார இறுதியில் பூனாவிலிருந்து வந்து இறங்கினான். வந்தவன் நேராக மேலே தன் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டான். நான் மெதுவாகப் படியேறிப் போனேன்.

“இது நைனா எனக்காகக் கட்டின ரூம்மா. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“ஒனக்காகத்தான் கட்டினாரு. நீ இங்க இருந்து வேலைக்குப் போன, கல்யாணம் பண்ண. கட்டின வேலை முடிஞ்சிச்சுடா.”

“நாங்க வந்தா எங்க தங்கறது?”

“எங்க பக்கத்துலதான். பாய் போட்டா ஆச்சு.”

“பூனாவுக்கே வந்துடுங்க ரெண்டு பேரும். எனக்கு இன்னா பாரமா?”

அவன் அதை உண்மையாகத்தான் சொன்னான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். “முடியாம போச்சுன்னா நானே ஒனக்கு போன் போட்டு வந்து கூட்டினு போன்னு சொல்வேன். வெக்கப்பட மாட்டேன். இப்ப முடியுது. முடியற வரைக்கும் எங்க இஷ்டத்துக்கு இருக்க உடு.”

அவன் கையை விடுவித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனான். அறையிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் முடிவை மாற்றிக்கொள்ள அது காரணமாகப் படவில்லை.

வீட்டை வாங்கியவள் என்னோடு செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள். அவள் கணவரோடு பிறந்தவர்கள் இரண்டு பேர், அவர்கள் குடும்பம், மாமியார் என்று மூன்று இடத்தில் வாடகைக்குச் சிதறிக் கிடந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து வாங்கினார்கள். பார்க்க வந்த அன்றே பிள்ளைகள் படியேறிக் கத்திக்கொண்டு ஓடின. என் கணவர் அவள் கணவரைக் கூட்டிக்கொண்டு போய் மோட்டார் சுவிட்ச், எந்தக் குழாய்க்கு எந்த வால்வு, எந்த ஜன்னல் மழைக்கு இறுகும் என்று மூலை மூலையாகக் காட்டினார். கீழே வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. “ஜனம் இருக்கிற ஊடு ஆயிடும்” என்றார்.

எங்கள் சாமான் மொத்தமும் ஒரு குட்டி யானை வண்டியில் அடங்கிவிட்டது. டிரைவர் நம்பாமல், “அவ்ளோதானாம்மா?” என்று கேட்டார். என் கணவர் கயிற்றை இழுத்து இழுத்து முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டு முன்னால் ஏறிக்கொண்டார்.

மீஞ்சூரில் எல்லாம் உடனே இனித்துவிடவில்லை. நிலத்தடித் தண்ணீர் உப்பு. முதல் வாரம் பருப்பு வேகாமல் பேஜாராகிவிட்டது. பிறகு குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்கப் பழகிக்கொண்டோம். ஒவ்வொரு ரயிலுக்கும் ஜன்னல் கம்பி அதிரும். எனக்குத் தூக்கம் கெட்டது, அவருக்கு அது தாலாட்டு. அவரோடு அத்திப்பட்டில் வேலை பார்த்த நாலைந்து பேர் அங்கேயே சுற்றுவட்டாரத்தில் இருந்தார்கள். காலையில் நாஷ்டா முடிந்ததும் அவர்களோடு ஸ்டேஷன் பக்கம் போய்விடுவார், அந்த நேரம் முழுக்க எனக்கு. யாரும் சொல்லி வைத்த ஏற்பாடு இல்லை, தானாக அமைந்தது. நான் முன்னாலிருந்த மண்ணில் இரண்டு முருங்கைக் கிளையை நட்டேன். வாரத்தில் ஒருநாள் மகளுக்குச் சமைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் போய்விட்டு, கூட்டம் ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன். படி என்று இப்போது நான் ஏறுவது ஸ்டேஷன் படி மட்டும்தான்.

முதல் கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் வந்தார்கள். மகன் வருவானா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் நனைந்துகொண்டு வந்து நின்றான். விடாத மழை. வெளியே கால் வைக்க முடியவில்லை. ஹாலில் வரிசையாகப் பாய் போட்டோம். உயரமான மகனுக்குக் கால் சமையலறைக்குள் நீண்டது. மருமகள் குளியலறைக்கு வரிசை போட்டுக்கொடுத்தாள். ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டியிருந்தது. ஈரத்துணி காயப்போட இடமில்லாமல் ஜன்னல் கம்பியெல்லாம் தொங்கியது. இவ்வளவு நெருக்கடியில் எனக்கே ஒரு கணம் நாம் செய்தது சரிதானா என்று தோன்றியதை மறைக்க மாட்டேன்.

பண்டிகைக்கு மறுநாள் காலையில் மகன் சமையலறை வாசலில் உட்கார்ந்து எனக்கு வெங்காயம் உரித்துக்கொடுத்தான். வேறு உட்கார இடமில்லை. அவன் அப்பா பக்கத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பேச்சுவாக்கில் மகன், கம்பெனியில் தன்னை வேறு பிரிவுக்கு மாற்றப்போகிறார்கள், பிடிக்கவில்லை, வேலையை விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன் என்றான். மாதக்கணக்காக மனதில் வைத்திருந்திருக்கிறான். மருமகளுக்குக்கூட முழுசாகத் தெரியாது. அவர் அந்தப் பாய்லர் நெருப்புக் கதையை மகனுக்குச் சொன்னார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்குத் தேவைக்கு மேல் வெங்காயம் சேர்ந்துவிட்டது, நான் நிறுத்தச் சொல்லவில்லை.

சோறு இறக்கும்போது மகன் என்னிடம் சொன்னான்: “அந்த ஊட்டுக்கு வந்தா நேரா மேல போய்டுவேம்மா. போன் பாத்துக்கினே படுத்துக் கெடப்பேன். இங்க போக எடமே இல்ல.”

“அது நல்லதா கெட்டதா?”

“முதுகு வலிக்குது” என்று சொல்லிச் சிரித்தான். அவன் வேலையை விடவில்லை. புதுப் பிரிவு பரவாயில்லையாம். இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவுக்குப் போன் போடுகிறான்.

அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்து நாங்கள் இருவரும் பாய்களை உதறி மடித்தோம். அவர் பெருக்கினார், நான் துடைத்தேன். டீ குடித்து முடிப்பதற்குள் தரை காய்ந்துவிட்டது. மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. மத்தியானம் முழுக்க மீதி இருந்தது, செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இல்லை.

“பொன்னேரி வரைக்கும் போய்ட்டு வரலாமா?” என்றார்.

“எதுக்கு?”

“சும்மாதான்.”

புடவை மாற்றிக்கொண்டேன். கதவைப் பூட்டிவிட்டு, தெருவில் தேங்கியிருந்த தண்ணீரைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம். வண்டியில் ஜன்னலோரம் இரண்டு இடம் கிடைத்தது.